மாயன் சாக்லேட்: தண்ணீரிலா, பாலிலா, மாசாவிலா?

டிசம்பரானால் கஃபேக்களில் ‘மாயன் ஹாட் சாக்லேட்’ வந்துவிடும்: பால், சர்க்கரை, பட்டை, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். இதில் மிளகாயும் கொக்கோவும்தான் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியின் பழங்குடி மக்களான மாயர்களுடையவை; மற்ற மூன்றும் ஸ்பானியர் காலத்தில் சேர்ந்தவை.

பழைய ருசிக்குக் கிட்டே போக வேண்டுமானால் தண்ணீர்தான். இரண்டு கோப்பைக்கு 400 மிலி வெந்நீர், இனிப்பில்லாத சாக்லேட் 50 கிராம், கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள். சாக்லேட் கரைந்ததும் டீ ஆற்றுவதுபோல உயரத் தூக்கி ஆற்றுங்கள். பிரின்ஸ்டன் அருங்காட்சியகத்திலுள்ள மாயர் குவளை ஓவியத்தில் ஒரு பெண் இப்படித்தான் ஊற்றுகிறாள். தண்ணீர் கூடினால் நுரை நிற்காது. கசக்கும், விருந்தினர் எல்லாருக்கும் பிடித்துவிடாது.

பாலில் செய்தால் யாருக்கும் பிடிக்கும், ஆனால் மிளகாய் அடங்கிவிடும். காரத்தைத் தரும் காப்சைசினைப் பாலின் கொழுப்பும் கேசினும் பிடித்துக்கொள்வதே காரணம். அதற்காக அள்ளிப் போடாதீர்கள். காரம் மெதுவாகத்தான் ஏறும். ஒரு மிடறு குடித்து, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பண்டிகைக்கு என் ஓட்டு, மாசா என்ற மக்காச்சோள மாவு சேர்த்த கெட்டியான சாக்லேட் பானமான சம்புராடோவுக்கு. மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை நடக்கும் போசாதாஸ் என்ற கிறிஸ்துமஸ் கொண்டாட்ட இரவுகளில், தமால் என்ற ஆவியில் வேகவைத்த சோள மாவுப் பண்டத்தோடு குடிப்பது இதைத்தான். நான்கைந்து கோப்பைக்கு மொத்தம் 1 லிட்டர் தண்ணீர் (பாதி பாலாகவும் இருக்கலாம்), மாசா மாவு 60 கிராம், மெக்சிகன் சாக்லேட் வில்லை 90 கிராம், பிலோன்சியோ என்ற கரும்பு வெல்லம் 80 கிராம், ஒரு துண்டு கனேலா. கனேலா வேறொன்றுமில்லை, இலங்கைக் கறுவாதான்.

பெரும்பாலும் கெடுவது மாவில். மாசா என்பது சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தின் மாவு. கடையில் கிடைக்கும் வெள்ளைக் கார்ன்ஃப்ளவர் வெறும் ஸ்டார்ச். அதைப் போட்டால் கஸ்டர்டுபோல வழவழக்கும், சோள மணம் வராது. மாசாவைச் சூட்டில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். லிட்டரிலிருந்து 250 மிலி பச்சைத் தண்ணீரை எடுத்துக் கரைத்து, வடிகட்டி, பட்டை கொதிக்கும் நீரில் மெல்ல ஊற்றுங்கள். சிறு தீயில் 12 நிமிஷம் அடிபிடிக்காமல் கிளறினால் பச்சை வாடை போகும். பிறகு சாக்லேட், கடைசியில் வெல்லம். பால் சேர்த்திருந்தால் அடுப்பை அணைத்த பிறகே வெல்லம். கொதிக்கும்போது போட்டால் திரிந்துவிடக்கூடும்.

ஆறினால் கூழாக இறுகும். மறுபடி சூடாக்கும்போது அரைக் கோப்பை வெந்நீர் விட்டு அடித்தால் இளகிவிடும்.