டிக், டிக், டிக்: பற்றரியா, முனையா, ஸ்டார்ட்டரா?

திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்கிறது, எஞ்சின் அசையவில்லை. வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில் நின்றாலும் கூடுகிறவர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "பற்றரி முடிந்துவிட்டது தம்பி, மாற்றிவிடுங்கள்." பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இதே சத்தத்தை எழுப்பக்கூடியவை மூன்று: பற்றரி, அதன் முனையில் வயர் பிடிக்கும் இடம், எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். ஒன்றுக்குச் சுடுதண்ணீர் போதும். மற்ற இரண்டுக்கும் பணம் வேண்டும். பெற்றோல், பிளக் என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். எஞ்சின் சுழன்றால்தானே அவற்றுக்கு வேலை.

முதலில் காது. 'டிக்டிக்டிக்' என்று விடாமல் அடித்தால் ஸ்டார்ட்டருக்கு மின் போதவில்லை. ஸ்டார்ட்டரின் மேலிருக்கும் சொலனாய்ட் என்ற மின்காந்தச் சுவிட்ச் இழுத்து மூடியவுடன் மோட்டார் நூறு அம்பியருக்கு மேல் கேட்கிறது, வோல்ட் சரிகிறது, சொலனாய்ட் பிடியை விடுகிறது, வோல்ட் மீள, மறுபடி இழுக்கிறது. அந்த இழுபறிதான் சத்தம். மாறாக, கனமாக ஒரே ஒரு 'டிக்' கேட்டு அமைதியானால், சொலனாய்ட் தன் வேலையைச் செய்துவிட்டது, மோட்டார் செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல.

காதைவிடக் கண்ணை நான் அதிகம் நம்புவேன். முன்விளக்கைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கிப் போனால் பற்றரி. முற்றாக அணைந்து, சற்றுப் பொறுத்துத் திரும்பினால் முனை. கொஞ்சமும் மாறாமல் எரிந்தால் பற்றரியை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரையும் அதற்குப் போகும் தடித்த வயரையும் பார்க்க வேண்டும். அடித்தளத் தரிப்பிடம் என்றால் எதிர்ச்சுவரிலேயே இது தெரிந்துவிடும். காசும் இல்லை, கருவியும் இல்லை.

கொழும்பில் முனையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். மெரைன் டிரைவ் ஓரம் இரவெல்லாம் உப்புக் காற்றில் நிற்கும் காரின் போனட்டைத் திறந்து பாருங்கள்: நேர் முனையில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். பொடியே இல்லாவிட்டாலும் கிளிப்பைக் கையால் திருகிப் பாருங்கள்; அசைந்தால் அதுவே குற்றவாளியாக இருக்கலாம். மறை முனையை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்து, உலர்த்தி இறுக்கினால் போதும்.

இன்னொரு காரின் பற்றரியிலிருந்து ஜம்ப் வயர் போட்டுப் பார்ப்பதை ஒரு சோதனையாகக் கொள்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஜம்ப் வயரின் பல் பெரும்பாலும் ஈய முனையைக் கடிக்காமல் அதைச் சுற்றிய கிளிப்பைத்தான் கடிக்கிறது. பொடி பிடித்த இடத்தை மின் அப்படியே தாண்டிப் போய்விடும், கார் உடனே பிடிக்கும், எல்லோரும் பற்றரியைக் குற்றம் சொல்வார்கள். புதுப் பற்றரி வந்து, பழைய கிளிப் அரைகுறையாக மாட்டப்பட்டு, சில வாரத்தில் மறுபடி 'டிக்'. இதற்கு மல்டிமீட்டர் நல்ல பதில் சொல்லும். ஒரு ஊசியை ஈய முனையின் தலையிலும் மற்றதைக் கிளிப்பிலும் வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் அந்த இணைப்பே மின்னை விழுங்குகிறது.

பற்றரியையும் அதே மீட்டரால் பார்க்கலாம். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் இந்த எண் பாதிச் சாட்சிதான். கிழட்டுப் பற்றரி ஓய்வில் 12.5 காட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யும்போது 8க்கு விழும். திருப்பிய நிலையில் 9.6க்குக் கீழே போனால் அதற்குச் சார்ஜ் வேண்டும், அல்லது அதை மாற்ற வேண்டும். நம் ஊர்ச் சூடு பற்றரியின் உள்தகடுகளை அரிக்கிறது. பம்பலப்பிட்டிப் பாடசாலை வரை போய், காலி வீதி நெரிசலில் ஏசியுடன் நின்று திரும்பும் ஓட்டம் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதுமில்லை. புதிது வாங்கினால், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழுது, ஓட்டத்தில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்டர்னேட்டர் பக்கம்.

ஸ்டார்ட்டரின் முறை கடைசியில் வந்தாலும் அதை இலேசாக எண்ண முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் ஓடியதெல்லாம் பழைய மோட்டார்கள். கியரை விலக்கி, கைப்பிரேக்கை இழுத்து, ஒருவர் திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்க, மற்றவர் ஸ்டார்ட்டரின் உடலில் வீல் ஸ்பனரால் மெதுவாகத் தட்ட வேண்டும். உயிர் வந்தால், மோட்டாருக்குள் மின்னைக் கடத்தும் காபன் துண்டுகள் தேய்ந்திருக்கலாம். தள்ளி ஸ்டார்ட் செய்வது வீடு போய்ச் சேர உதவும், பழுதை அறிய உதவாது: பற்றரி சோர்ந்தாலும் பிடிக்கும், ஸ்டார்ட்டர் பழுதானாலும் பிடிக்கும். ஓட்டோ கியர் காரில் அதுவும் நடக்காது.

கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு வழி சொல்வார்கள்: கழற்றி வந்த ஜப்பான் ஸ்டார்ட்டரை வாங்குவது, அல்லது உங்களுடையதையே பிரித்துக் காபனும் சொலனாய்டின் செப்புத் தொடுகைகளும் மாற்றுவது. நான் இரண்டாவதையே எடுப்பேன். வாங்குவதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது கடைக்காரருக்கும் தெரியாது.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் இப்படியான ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. ரிலே டிக்கிட்டு டேஷ்போர்ட் துடித்தால், பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும் சிறிய 12 வோல்ட் பற்றரியைப் பாருங்கள். அந்தக் காரிலிருந்து அடுத்த வீட்டுக்காரருக்கு ஜம்ப் கொடுக்க மட்டும் முன்வராதீர்கள்.