மனிதத் திசு ஸ்லைடு பெட்டி: தசைக்கு வாங்கலாம், நரம்புக்குப் போதாது

மேல்நிலை வகுப்பு ஆய்வகத்திற்காக வாங்கிய இந்த ஸ்லைடு பெட்டி, எபிதீலியம் (உடற்பரப்பையும் உறுப்புகளின் உட்புறத்தையும் போர்த்தும் திசு), இணைப்புத் திசு, தசை, நரம்பு ஆகிய நான்கு அடிப்படைத் திசுக்களையும் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படுகிறது. நான்கும் உள்ளே இருக்கின்றன. ஆனால் ஒரே தரத்தில் இல்லை.

தசை ஸ்லைடுகளுக்காகவே இதை வாங்கலாம். எலும்புத்தசையின் நீள்வெட்டில் குறுக்கு வரிகளும், நாரின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் பல உட்கருக்களும் 40 மடங்குப் பொருளருகு வில்லையிலேயே தெளிவாகத் தெரிகின்றன. இதயத்தசையில் செல்கள் சந்திக்கும் இடங்களில் குறுக்கே ஓடும் இடைத்தட்டுகள் வழக்கமான ஹிமாடாக்சிலின்-இயோசின் சாயத்தில் எளிதில் அகப்படுவதில்லை. இங்கே இரும்பு ஹிமாடாக்சிலின் என்ற வேறு சாயத்தைப் பயன்படுத்தியிருப்பதால் அவை கருங்கோடுகளாக எழுந்து நிற்கின்றன. மென்தசைக்குச் சிறுகுடலின் குறுக்குவெட்டைத் தேர்ந்தெடுத்ததும் நல்ல யோசனை: உள்ளடுக்கு வட்டமாகவும் வெளியடுக்கு நீளவாக்கிலும் அமைந்திருப்பதால், கதிர் வடிவச் செல்களின் நீள்வெட்டையும் குறுக்குவெட்டையும் ஒரே ஸ்லைடில் காட்டிவிடலாம்.

எபிதீலியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை; மூச்சுக்குழாய் ஸ்லைடில் செல்களின் மேல் மயிர்போல் நிற்கும் குறுயிழைகள்கூடச் சிதையாமல் இருக்கின்றன.

இணைப்புத் திசுவில்தான் தரம் ஏறி இறங்குகிறது. தேய்த்து மெலிதாக்கிய எலும்பில், இரத்த நாளங்கள் செல்லும் ஹாவர்சியன் குழாயும் அதைச் சுற்றிய வளையங்களும் நுண்கால்வாய்களும் மிக அழகாக உள்ளன. கொழுப்புத் திசு வெற்று அறைகளாகத் தெரிவது தயாரிப்பாளரின் பிழையன்று. பதப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. அதை விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதியிருக்கலாம். இணைப்புத் திசுவில் சேரும் இரத்தத்தின் பூச்சோ தடிப்பாக இருக்கிறது. சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்க, பூச்சின் மெல்லிய விளிம்பில் மட்டுமே வெள்ளையணுக்களை இனம்காண முடிகிறது.

பெட்டியின் மேல் ‘மனித’ என்றும் உள்ளே இருக்கும் பட்டியலில் சில ஸ்லைடுகளுக்குப் ‘பாலூட்டி’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளிப் பாடத்திற்கு இந்த வேறுபாடு பெரிதன்று என்றாலும், விற்பவர் அதை மேலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நரம்புக்கு இருப்பது தண்டுவடத்தின் குறுக்குவெட்டு ஒன்றுதான். சாம்பல்நிறப் பகுதியில் இயக்க நரம்புச் செல்களின் பெரிய உடல்கள் தெரிகின்றன. ஆனால் சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள வெட்டில் அவற்றின் கிளைகள் பெரும்பாலும் அறுபட்டுப்போவதால், செய்தியை உள்வாங்கும் டென்ட்ரைட்டும் அதை வெளியே கடத்தும் ஆக்ஸானும் எங்கே என்று மாணவர் கேட்டால் காட்ட வழியில்லை. மாட்டுத் தண்டுவடத்தைப் பூசிச் செய்த ஸ்லைடு ஒன்றைத் தனியாக வாங்கிச் சேர்த்தால்தான் அந்தப் பாடத்தை இந்தப் பெட்டியைக் கொண்டு நடத்த முடியும்.