ரிசர்வ் அணியா, கீழ்ப் பிரிவு சீனியர் ஆட்டமா?

சென்னை கால்பந்து லீக்கில் சின்ன கிளப் நடத்துகிறவர்களுக்கு, 18 வயதுப் பையன் ஒருவன் நன்றாக ஆடத் தொடங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும்: முதல் அணிக்கு அடுத்த நம் ரிசர்வ் அணியிலேயே, அதாவது இரண்டாவது அணியிலேயே வைத்துக்கொள்வதா, கீழ்ப் பிரிவில் ஆடும் வேறொரு கிளப்பின் பெரியவர்கள் அணிக்கு, அதாவது சீனியர் ஆட்டத்துக்கு, ஒரு சீசன் அனுப்புவதா?

ரிசர்வில் கோச்சின் கண் முன்னாலேயே இருப்பான், முதல் அணியின் ஆட்டமுறையும் பழகிவிடும். ஆனால் எதிரில் நிற்பவனும் பெரும்பாலும் அவன் வயதுக்காரன்தான். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகளின் இளைஞர்களுக்கென்று 2022-ல் டெவலப்மென்ட் லீக் வந்தது, நல்ல காரியம். சின்ன கிளப்புக்கோ இரண்டாவது அணி என்றாலே இன்னொரு கோச், மைதான வாடகை, வேன் செலவு, அதற்குக் காசு எங்கே?

சீனியர் ஆட்டம் வேறு உலகம். கார்னர் வரும்போது முப்பது வயது ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாட்டக்காரர்), ரெஃப்ரி பார்க்காத பக்கமாக ஜெர்சியைப் பிடித்து இழுப்பார், பையன் குதிப்பதற்குள் தோளால் இடித்து இடத்தைப் பிடித்துவிடுவார், அடுத்த கார்னருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அவனே கண்டுபிடித்தாக வேண்டும். இதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க முடியாது. தமிழ்நாட்டு வீரர் எட்வின் வன்ஸ்பாலும் சென்னை சிட்டி கிளப்பில் ஆடி, 2018-19 ஐ-லீக் பட்டம் வென்ற பிறகுதான் ஐஎஸ்எல் கிளப்பான சென்னையின் எஃப்சிக்குப் போனார்.

என் ஓட்டு சீனியர் ஆட்டத்துக்குத்தான். ஆனால் போகிற இடத்தில் பெஞ்சில் உட்கார வைப்பார்கள் என்றால் ரிசர்வே மேல், கோல்கீப்பருக்கு இது இரட்டிப்பு உண்மை. அனுப்பும் முன் அந்தக் கோச்சிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: பையனை ஆட வைப்பீர்களா, எந்த இடத்தில்?