குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டைசோடியம் உப்பு: குப்பியில் பார்க்க வேண்டியவை

ஜி6பிடி (குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ்) நொதி அளவீட்டுக்குக் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் பொடி வாங்குபவர்கள் பேரியம் உப்பை விட்டுவிட்டு டைசோடியம் உப்பையே எடுங்கள். விலை கூடினாலும் தகும். பேரியம் உப்பில் முதலில் சல்பேட் சேர்த்துப் பேரியத்தை வீழ்படிவாக்கி நீக்க வேண்டும். டைசோடியம் உப்பு தண்ணீரில் உடனே கரையும்.

இதன் பெரிய குறை ஈரம் உறிஞ்சுவது. மைனஸ் 20 டிகிரியில் இருந்து எடுத்த குப்பி அறை வெப்பத்துக்கு வரும் முன் மூடியைத் திறந்தால், காற்றின் ஈரம் உள்ளே படிந்து பொடி கட்டிதட்டிவிடும். பிறகு எடை பொய் சொல்லும்.

நீரற்ற உப்பின் மூலக்கூறு எடை 304.1. ஒரு மில்லிலிட்டரில் 30.4 மில்லிகிராம் என்றால் 100 மில்லிமோலார். லேபிளில் நீரளவு போட்டிருந்தால் அதற்கேற்பக் கூட்டி நிறுங்கள். அதையும் நம்பிவிடாமல் சோதியுங்கள்: கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து, அதில் 10 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டர் கலவையில் விடுங்கள். கலவையில் டிரிஸ் தாங்கல் கரைசல் பி.எச். 7.8, மெக்னீசியம் குளோரைடு 5 மில்லிமோலார், என்ஏடிபி (வினையில் என்ஏடிபிஎச் ஆக மாறும் துணைநொதி) 0.5 மில்லிமோலார், ஜி6பிடி நொதி 1 யூனிட் இருக்கட்டும். உருவாகும் என்ஏடிபிஎச்சால் 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் ஏற்றம் 0.62 வந்து நிற்க வேண்டும். 0.56 என்றால் கையில் இருப்பது 90 சதவீதம்தான்.

ஏற்றம் நின்றதும், ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட்டைக் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாற்றும் பாஸ்போகுளுக்கோஸ் ஐசோமரேஸ் நொதியைச் சேருங்கள். மறுபடி ஏறினால் ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட் கலந்திருக்கிறது. ஜி6பிடி அளவீட்டுக்கு அது பெரிய தொந்தரவில்லை. ஐசோமரேஸையே அளப்பவர்களுக்கு அந்தக் குப்பி ஆகாது.