ரைசன் 5 5600: மட்டக்களப்பு நாவற்குடாவில் ஆறு மாதம் ஓட்டிய அனுபவம்

வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி எங்கள் வீட்டில் முக்கியமான நேரம். தோகாவில் இருக்கும் தம்பிக்கு அப்போது இரவு எட்டு மணி, லீவு நாள். நாங்கள் இரண்டு பேரும் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமை விளையாடுவோம். ஹெட்செட் போடாமல் ஸ்பீக்கரில்தான் அவன் குரலை விடுவேன், ஏனென்றால் அம்மாவும் பின்னால் கதிரையில் இருப்பார். "சாப்பிட்டியா மனே?" என்று நடுவில் கேட்பார். அவன் ஆளைச் சுட்டுக்கொண்டே "ஓம் அம்மா, கோழிக்கறி" என்பான். வாரத்தில் அந்த இரண்டு மணித்தியாலம் அவன் வீட்டில் இருப்பது போல இருக்கும்.

ஒன்றரை வருடமாக அந்த நேரம்தான் கெட்டுப்போயிருந்தது. எதிரி எதிரில் வந்ததும் படம் அரை விநாடி உறைந்து நிற்கும். புகைக்குண்டு வெடித்தால் திரை இழுபடும். அதைவிட மோசம், அதே நேரம் நாங்கள் பேசும் டிஸ்கோர்ட் செயலியில் தம்பியின் குரலும் துண்டு துண்டாக உடையும். அம்மா "லைன் சரியில்லப் போல" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார். எனக்கு அது சரியான கவலை. புரொசசரை, அதாவது கம்பியூட்டரின் மூளையை, ரைசன் 5 5600க்கு மாற்றிய பிறகுதான் அது தீர்ந்தது.

என் கம்பியூட்டர் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். 2019இல் வாங்கியது. ரைசன் 3 2200ஜி புரொசசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபி ராம் (வேலை நினைவகம்) ஒரே ஒரு துண்டு, 450 வாட் பவர் சப்ளை. அடுத்த வருடம் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட் சேர்த்தேன். அச்சகத்தில் டிசைன் வேலை செய்கிறேன், வீட்டுக்கு வரும் சில்லறை வேலைகளும் இதிலேதான். முந்தைய கவுண்டர் ஸ்ட்ரைக்கான சிஎஸ்கோ இதில் நன்றாக ஓடியது. 2023 செப்டெம்பரில் அதை எடுத்துவிட்டு கவுண்டர் ஸ்ட்ரைக் 2ஐ வைத்தார்கள். அன்றிலிருந்துதான் தொல்லை. ஆக, என் பெட்டி பழுதாகவில்லை, அதன் மேல் ஏற்றிய பாரம்தான் கூடிவிட்டது. இது எனக்கு விளங்க நெடுநாள் எடுத்தது.

முதலில் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கேமை ஒரு தடவை கூட ஓட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தகட்டைக் கழற்றி, "கார்ட் பழசு, ஆர்டிஎக்ஸ் 3060 போடுங்க" என்றார்கள். அந்தக் கார்ட் 170 வாட் இழுக்கும், 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று அதைச் செய்த கம்பனியே சொல்கிறது. அதனால் பவர் சப்ளையும் புதிது. இரண்டும் சேர்த்து அவர்கள் சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அதுவரைக்கும் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டுத் தந்து 2,500 ரூபா எடுத்தார்கள். வீட்டில் வந்து ஓட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை. காசு போனதைவிட, பார்க்காமலே மருந்து எழுதியதுதான் கோபம்.

காத்தான்குடியில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டு முன்னறையில் லேப்டொப் திருத்துகிறார். அச்சகத்து மெஷினுக்கு வந்து போன பழக்கம். அவர் பெட்டியைத் தொடுவதற்கு முன்னமே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, கேம் ஓடக்குள்ள கார்ட் எத்தின வீதம் வேல செய்யுது? பாத்தீங்களா?" நான் பார்த்ததே இல்லை.

அன்று இரவே, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளை இறக்கி, எண்கள் திரை ஓரத்தில் தெரிகிற மாதிரி வைத்து விளையாடினேன். கார்ட் 45 வீதம், 50 வீதம். புரொசசரின் நான்கு கோரும் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) 100 வீதம். அதாவது கார்ட் பாதி நேரம் சும்மா இருந்தது, புரொசசர் வேலையை முடித்துக் கொடுக்கட்டும் என்று காத்துக்கொண்டு.

காக்கா இன்னொரு சோதனையும் சொல்லியிருந்தார். திரை அளவை 1920க்கு 1080 இலிருந்து 1280க்கு 720 ஆகக் குறை. படம் வரைவது கார்டின் வேலை, படம் சின்னதானால் அதற்கு வேலை குறையும். எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற எண்) நன்றாகக் கூடினால் குறை கார்டில். கூடாவிட்டால் குறை புரொசசரில் அல்லது ராமில். எனக்கு 62இல் இருந்தது 64 ஆனது, அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் யாரும் கார்டுக்குக் காசு கட்ட வேண்டாம் என்று மன்றாட்டமாகக் கேட்கிறேன்.

தம்பியின் குரல் ஏன் உடைந்தது என்பதும் அப்போது விளங்கியது. டிஸ்கோர்டுக்கும் அதே நான்கு கோர்தானே. கேம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டால் குரலை விரித்துத் தருவதற்கு நேரம் கிடைக்காது. நாங்கள் கணக்கில்லாமல் திட்டிய இன்டர்நெட் லைனில் பிழையே இல்லை. பிங் எண் (தகவல் போய்வர எடுக்கும் நேரம்) எப்போதும் ஒரே அளவில்தான் நின்றது.

ராம் விஷயமும் சொல்ல வேண்டும். ஒரே துண்டு என்றால் ஒரே வழி. கல்லடிப் பழைய பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியுமட்டும் இந்தப் பக்கத்து வாகனம் நிற்க வேண்டும். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போகிறது. இரண்டு துண்டு ராம் போடுவதும் அப்படித்தான், தகவல் போகும் பாதை இரட்டிப்பாகிறது. என் துண்டு 3200 என்று எழுதியது, ஆனால் பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) யாரும் எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, போட்டுவிடாததால் ஆறு வருடம் 2400இல்தான் ஓடியிருக்கிறது. ஒரு துண்டு, 2400 வேகம் என்றால் விநாடிக்கு 19.2 ஜிபி. இரண்டு துண்டு, 3200 என்றால் 51.2 ஜிபி. காசு கொடுத்து வாங்கிய அந்த ஒரு துண்டின் வேகத்திலேயே கால்வாசியை நான் கண்டதே இல்லை.

சரி, என்ன வாங்கினேன்? 2025 ஜூனில் அச்சக வேலையாகக் கொழும்புக்குப் போனபோது, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கி ரைசன் 5 5600ஐ 42,500 ரூபாவுக்கும், என்னிடம் இருந்த அதே மாடல் 8 ஜிபி ராம் இன்னொன்றை 8,500 ரூபாவுக்கும் எடுத்தேன். மூன்று வருட வாரண்டி, பில் பத்திரமாக இருக்கிறது. ஒரு கடையில் 5500 குறைந்த விலையில் இருந்தது. பெயரில் நூறுதான் வித்தியாசம், ஆனால் அதன் எல்3 கேஷ் 16 எம்பி, 5600இல் 32 எம்பி. என் பழைய 2200ஜியில் வெறும் 4 எம்பி. கேமுக்கு இந்தக் கேஷ் மிகவும் உதவும். புரொசசர் அடிக்கடி கேட்கும் தகவல் பக்கத்திலேயே இருந்தால் ராம் வரைக்கும் ஓட வேண்டியதில்லை. கோர் ஆறு, திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) பன்னிரண்டு. பழையதில் நாலுக்கு நாலு. இரண்டுமே 65 வாட் வகை, அதனால் பழைய பவர் சப்ளையே போதும். 2018இல் வந்த புரொசசரைக் கழற்றிவிட்டு 2022இல் வந்ததை அதே போர்டில் போட முடிகிறது என்பதுதான், புரொசசர் உட்காரும் இந்த ஏஎம்4 சொக்கெட் வகையின் பெரிய நன்மை. போர்டை மாற்றச் சொல்லியிருந்தால் என்னால் முடிந்திருக்காது.

போடும் நாள்தான் பயமான நாள். பழைய பி450 போர்டுக்கு 5600ஐத் தெரியாது, பயோஸைப் புதுப்பித்தால்தான் தெரியும். அதைப் பழைய புரொசசர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால் திரை வராது, திரும்பப் பழையதைப் பூட்ட வேண்டும். பயோஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும். எங்கள் பக்கம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே லைட் சிமிட்டும். ஆகவே சின்னம்மா வீட்டு யூபிஎஸ்ஸைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். அது இரண்டு நாள் மட்டும் கைமாற்று. போர்ட் செய்த கம்பனியின் தளத்திலிருந்து எடுத்த பயோஸை எஃப்ஏடி32 முறையில் போர்மட் செய்த பென் டிரைவில் போட்டு, அம்மாவிடம் மிக்சி, அயன் எதையும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுதவிட்டேன். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் மேசையை விட்டு அசையவில்லை.

அடுத்தது புரொசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றுவது. ஏஎம்4 புரொசசரின் அடியில் 1331 ஊசிக் கால்கள் உண்டு. கூலருக்கும் புரொசசருக்கும் இடையில் பூசிய ஆறு வருடப் பேஸ்ட் காய்ந்து பசை போல ஒட்டியிருக்கும். நேரே இழுத்தால் கூலரோடு புரொசசரும் பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். காக்கா சொன்னபடி பத்து நிமிடம் கேமை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, திருகாணிகளைக் கழற்றி, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகினேன். சத்தமில்லாமல் விட்டுவிட்டது. புதுப் பெட்டிக்குள்ளேயே ஒரு கூலர் இருந்தது, பேஸ்ட்டும் பூசித்தான் வருகிறது. ராம் துண்டுகளை புரொசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட்டேன். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டு வழி கிடைக்காது.

ஏற்றியதும் கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) என்று ஒரு கேள்வி வந்தது, ஒய் (Y) அல்லது என் (N) அமத்தச் சொல்லி. புரொசசர் மாறினால் அது வரும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைப் போட்டு வைத்திருப்பவர்கள் மீட்புச் சாவியை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிஸ்கில் இருப்பதைத் திறக்க முடியாது. நான் பிட்லாக்கர் போட்டிருக்கவில்லை, ஒய் அமத்தினேன். பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பியைப் போட்டு 3200 வந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தேன். வந்திருந்தது.

இப்போது எண்கள். அதே மேப், அதே செட்டிங், 1080, எல்லாம் குறைந்த நிலையில். முன்பு சராசரி 62, சண்டையில் 24 வரை விழும். இப்போது சராசரி 128, புகைக்குள்ளும் 70க்குக் கீழே போவதில்லை. என் மொனிட்டர் 75 ஹேர்ட்ஸ்தான், விநாடிக்கு 75 படம்தான் காட்டும், ஆகவே 128ஐ என் கண் காண்பதில்லை. கண் காண்பது அந்த 24 இல்லாமல் போனதைத்தான். சராசரியைப் பார்த்து ஏமாற வேண்டாம், அடிமட்ட எண்ணைப் பாருங்கள். கார்ட் இப்போது 97 வீதம் வேலை செய்கிறது. அதே கார்ட், ஐந்து வருடப் பழசு என்று தள்ளப்பட்ட கார்ட்.

முதல் வெள்ளிக்கிழமை தம்பிதான் கண்டுபிடித்தான். "அண்ணா, உன்ர குரல் இப்ப தெளிவா கேட்குது, லைன் மாத்தினியா?" என்றான். அம்மா அன்று ஒரு மணி வரைக்கும் எழும்பவில்லை. அவன் பக்கத்து அறைப் பொடியன் பாட்டுப் பாடுவது கூட அவருக்குக் கேட்டது, யார் அது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

குறைகளும் உண்டு. கூட வரும் கூலர் நம் வெயிலுக்குச் சின்னது. பங்குனி மாதிரி வெக்கையில் எப்படி இருக்குமோ தெரியாது என்று பார்த்திருந்தேன். ஓகஸ்ட் மத்தியானத்திலேயே, அறை 32 பாகையில், புரொசசர் 83க்குப் போய் விசிறி இரைந்தது. 90 அதன் எல்லை. பெட்டிக்குப் பின்னால் 1,400 ரூபாவுக்கு ஒரு விசிறி பூட்டிய பிறகு 75இல் நிற்கிறது. அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது. 2200ஜியில் இருந்தது. கார்ட் இல்லாதவர்கள் இதை வாங்கினால் திரையே வராது, அவர்கள் 5600ஜி போன்றதைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு என் கார்டின் 4 ஜிபி நினைவகம் போதாது. அதை எந்தப் புரொசசரும் சரிசெய்யாது.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்றில் என் பெட்டித் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன, விசிறியில் ஈரத் தூசி களி போல ஒட்டியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தூரிகையாலும் சின்ன புளோவராலும் துடைக்கிறேன். டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் கொண்டுபோய் அடிக்காதீர்கள். அந்தக் காற்றோடு தண்ணீரும் வரும். அப்புறம், மாரியில் இடி கேட்டால் கரண்ட் வயரோடு ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள்.

செலவைக் கூட்டினால் 52,400 ரூபா. பழைய 2200ஜியை ஏறாவூரில் ஒரு மாணவர் 8,000 ரூபாவுக்கு எடுத்தார். கார்ட் வாங்க வசதியில்லாதவருக்கு அது இன்னும் நல்ல சாமான், பாடம் படிக்கவும் சின்னக் கேம் விளையாடவும் போதும். 2025 முடிவில் உலகம் முழுக்க ராம் விலை ஏறியது, நான் வாங்கிய விலையில் அப்போது கிடைக்கவில்லை. இன்னொரு துண்டு போட நினைத்திருப்பவர்கள் பழைய துண்டுகளை விசாரித்துப் பாருங்கள், ராம் வகை டிடிஆர்4 தானா, வேகம் பொருந்துகிறதா என்று கேட்டு எடுங்கள். கார்டை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை. சித்திரைக்குத் தம்பி லீவில் வருகிறான், அந்தப் பதினைந்து நாளும் இந்தப் பெட்டி அவனிடம்தான்.