பி.எஸ்சி. சைக்காலஜி: மூன்று வருடம் படித்து முடித்தவள் எழுதுவது

பிளஸ் டூ முடித்த தங்கைகள் சிலர் "சைக்காலஜி எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டிருந்தார்கள். திண்டிவனத்திலிருந்து வந்து, சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் நான். எடுக்கலாம். ஆனால் எந்தக் கல்லூரி என்பதைவிட, அங்கே லேபும் ஃபீல்டு வொர்க்கும் எப்படி என்பதைப் பார்த்து எடுங்கள்.

எங்கள் லேப் சின்ன அறைதான். அங்கேதான் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது. 1935இல் ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட சோதனையைச் செய்தோம். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் இருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். லீவில் ஊருக்கு வந்தபோது அட்டைகளை வரைந்து அம்மாவிடம் காட்டினேன். தமிழ் அட்டையில் அம்மா தடுமாறித் தடுமாறித்தான் சொன்னார். ஆங்கில அட்டையைக் கடகடவென்று முடித்துவிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. குறுக்கே வர அங்கே சொல்லே இல்லை. படித்துப் பழகிய கண் படிக்காமல் இருக்க முடியாது என்பதை ஸ்டாப்வாட்ச்சில் பார்த்த அந்த மதியத்தை நான் மறக்கவே மாட்டேன்.

இன்டர்ன்ஷிப் விஷயத்தில் ஏமாந்தேன். இரண்டாம் வருடம் ஓர் ஆன்லைன் நிறுவனத்துக்கு 3,500 ரூபாய் கட்டினேன். 15 நாளும் பதிவு செய்த வீடியோக்கள்தான். கேள்வி கேட்கக்கூட ஆள் இல்லை. கடைசி நாள் சான்றிதழ் மட்டும் மெயிலில் வந்தது. அப்பாவிடம் கேட்டு வாங்கிய பணம் அது. காசு கேட்கிற இன்டர்ன்ஷிப் என்றால், "என்னை மேற்பார்வை பார்க்கப்போவது யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்று முதலிலேயே கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் எங்கள் மேடம் கொடுத்த கடிதத்தோடு, மனச்சிதைவு நோயிலிருந்து மீண்டு வருகிறவர்கள் பகலில் வந்து வேலை பழகும் ஒரு மையத்தில் ஒரு மாதம் இருந்தேன். பைசா செலவில்லை. முதல் வாரம் ஃபைலைத் தொடவே விடவில்லை. "முதலில் ஆட்களோடு உட்காரு" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். பேப்பர் கவர் ஒட்டும் மேஜையில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்தவர் ஒரு வாரத்துக்கும் மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மடிப்பு கோணலாகப் போனால் என் கையிலிருந்து வாங்கி, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, நேராக்கித் திருப்பித் தருவார். அவ்வளவுதான். ஒன்பதாம் நாள், "டீ ஆறுது, குடிம்மா" என்றார். பேச்சு குறைவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது எல்லாவற்றையும் 'நெகட்டிவ் சிம்டம்ஸ்' என்று ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்திருந்தேன். அந்த ஐந்து மார்க் பதிலுக்குள் இந்த மனிதர் இல்லவே இல்லை.

மூன்றாம் வருட புராஜெக்ட் ஹாஸ்டல் மாணவிகளின் மன அழுத்தம் பற்றி. அதற்கு எடுத்தது, மன அழுத்தத்தை அளக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் உருவாக்கிய பெர்சீவ்டு ஸ்ட்ரெஸ் ஸ்கேல் என்ற ஆங்கிலக் கேள்வித்தாள்: 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, அதிகபட்சம் 40. தமிழ் மீடியத்தில் படித்துவந்த பிள்ளைகளுக்காக நாங்களே தமிழில் எழுதினோம். 'ஆன் டாப் ஆஃப் திங்ஸ்' என்பதை "எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதாக உணர்ந்தீர்களா" என்று எழுதி வைத்திருந்தேன். முதலில் நிரப்பிய பெண் நிமிர்ந்து, "எதுக்கு மேல, அக்கா?" என்றாள். அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டோம். "வேலைகள் எல்லாம் உங்கள் கைக்குள் இருப்பதாக" என்று மாற்றி, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒரு தோழியைவிட்டுத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஒப்பிட்டோம். நல்லவிதமாகக் கேட்கும் நான்கு கேள்விகளின் மதிப்பெண்ணை, 0 என்றால் 4, 4 என்றால் 0 என்று தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் அதை மறந்துவிட்டதால் முழுக் கணக்கையும் மறுபடி போட்டோம். ஜாஸ்ப் என்ற இலவச ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மென்பொருள் போதுமானதாக இருந்தது. முதல் செமஸ்டரில் அழவைத்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அந்த மூன்று மாதத்தில்தான் புரிந்தது.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டத்தோடு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த மேற்படிப்பும் பதிவும் வேண்டும். அதற்கான வருடங்களையும் செலவையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். தொலைதூரக் கல்வியில் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜிக்கு அதை யு.ஜி.சி. நிறுத்திவிட்டது.

கல்லூரி பார்க்கப் போகும்போது லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் வருட அக்கா ஒருவரைப் பிடித்து, "இன்டர்ன்ஷிப்புக்குக் கடிதம் யார் கொடுப்பாங்க?" என்று கேளுங்கள். உடனே ஒரு டீச்சர் பேர் வந்தால், சேர்ந்துவிடலாம்.