ஹட்டனில் அன்செலோட்டி: ஒரு காணொளித் தொடர் பற்றிய மதிப்பீடு

ஹட்டன் நகரில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையொன்றின் மேல்மாடியில், சனிக்கிழமை பிற்பகல்களில், தோட்ட அணிகளையும் பாடசாலை அணிகளையும் பயிற்றுவிப்போருக்காக ஓர் உதைபந்தாட்டக் காணொளித் தொடர் நடத்தப்படுகிறது. பழைய ஆட்டங்களின் பகுதிகளைத் திரையிட்டு, தேவையான இடத்தில் நிறுத்தி, வெண்பலகையில் வரைந்து விளக்குகிறார்கள். அண்மையில் நிறைவுற்ற தொடர், இத்தாலியின் முன்னாள் மத்தியகள வீரரும் பயிற்றுவிப்பாளருமான கார்லோ அன்செலோட்டியைப் பற்றியது. ஓர் அமர்வுக்கு வாங்கப்படும் கட்டணம் ஒரு கொத்து ரொட்டியின் விலையைத் தாண்டாது. அந்தப் பணத்துக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்றை நமது பயிற்றுவிப்பாளர்கள் மலையகத்தில் வேறெங்கும் பெற முடியாது என்பது என் உறுதியான கருத்து. குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

கிண்ணங்களின் பட்டியலை வாசித்துக் கைதட்ட வைப்பது எளிது. இத்தொடர் அதைச் செய்யாமல் ஆட்டக்காரரான அன்செலோட்டியிலிருந்து தொடங்குகிறது. 1959இல் வட இத்தாலியின் ரெஜ்ஜியோலோ என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பார்மா அணியில் முன்னேறிச் சென்று கோல் அடிக்கும் இளைஞராக வளர்ந்து, 1979இல் ரோமாவுக்குப் போகிறார். அங்கே 1983இல் லீடோம் என்ற சுவீடன் நாட்டுப் பயிற்றுவிப்பாளரின் கீழ் இத்தாலியச் சம்பியன் பட்டம் வென்ற அணியில் இருக்கிறார். ஆனால் முழங்கால் காயம் ஒன்று 1982 உலகக் கிண்ணத்தையும், மற்ற முழங்காலில் ஏற்பட்ட இன்னொரு காயம் 1984இன் ஐரோப்பியக் கிண்ண (இன்றைய சம்பியன்ஸ் லீக்) இறுதிப்போட்டியையும் அவரிடமிருந்து பறித்துவிட்டன. அந்த இறுதிப்போட்டி ரோமாவின் சொந்த மைதானத்திலேயே நடந்தது, லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்றார்கள். அன்றைக்கு அவர் ஆடியிருந்தால் என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நினைக்கத் தோன்றுகிறது.

இரண்டு முழங்கால்களும் அடிபட்ட அந்த வீரரைத்தான் 1987இல் மிலானின் பயிற்றுவிப்பாளர் அரிகோ சாக்கி வற்புறுத்தி மிலானுக்கு வாங்குவித்தார். ஓட்டத்தில் இழந்ததை இடம் அறிந்து நிற்பதில் ஈடுசெய்யக் கற்றுக்கொண்ட மத்தியகள வீரர் அங்கேதான் உருவானார் என்று விளக்குநர் கூறியதோடு, அதைக் கண்முன்னே காட்டவும் செய்தார். 1989 ஏப்ரல் 19 அன்று மிலான், ரியல் மட்ரிட்டை 5–0 என வீழ்த்திய ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியின் முதல் கோலை அடித்தவர் அன்செலோட்டி. பந்து அவர் காலை விட்டுப் புறப்படும் கணத்தில் படத்தை நிறுத்திவிட்டு, விளக்குநர் கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பந்தில்லாத மிலான் வீரர்கள் நிற்கும் இடங்களைத் திரையின் மேலேயே விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பின்கள வரிசைக்கும் முன்கள வீரர்களுக்கும் இடையே எவ்வளவு நெருக்கம் இருந்தது என்பது அப்போதுதான் புலப்பட்டது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மிலான் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது.

தொடரின் உயிர் நாடி இரண்டாம் அமர்வில் இருக்கிறது. 1994 உலகக் கிண்ணத்தில் சாக்கியின் உதவியாளராக இருந்து, 1996இல் ரெஜ்ஜியானா அணியை முதற்பிரிவுக்கு உயர்த்திய பின்னர், பார்மாவின் பொறுப்பை ஏற்றபோது அன்செலோட்டி தம் ஆசானின் 4-4-2 முறையை (பின்களத்தில் நால்வர், மத்தியகளத்தில் நால்வர், முன்களத்தில் இருவர்) வேதமாகவே கொண்டிருந்தார். அந்த வடிவத்தில் இரண்டு முன்கள வீரர்களுக்குப் பின்னால் நின்று ஆடும் ஒருவருக்கு இடமில்லை. எனவே ஜான்பிராங்கோ சோலா ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, சில மாதங்களில் செல்சிக்குப் போனார். 1997இல் ரொபேர்ட்டோ பாஜியோ வரவிருந்தபோதும் அதே காரணத்தால் அவர் ஏற்கப்படவில்லை. பொலோனியாவுக்குப் போன பாஜியோ அந்தப் பருவத்தில் 22 கோல்கள் அடித்தார். பின்னாளில் அன்செலோட்டியே அந்த முடிவுக்கு வருந்தியிருக்கிறார். ஜுவன்டஸில் சினடின் சிடான் கையில் கிடைத்ததும், அவருக்காகவே அணியின் வடிவத்தை மாற்றினார். ஜுவன்டஸில் கழித்த காலத்தில் இத்தாலியப் பட்டம் கிட்டவில்லை, இரண்டு முறை இரண்டாமிடமே கிடைத்தது. ஆயினும் அங்கே கற்றது, பின்னர் பயிற்றுவிப்பாளராகத் திரும்பிய மிலானில் பலித்தது.

இந்த இடத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அணி நடத்தும் இளைஞர் எழுந்து, “எங்க டிவிசன்ல ஒரு பையன் இருக்கான் சார். பந்து கால்ல ஒட்டிக்கிட்டே இருக்கும், ஆனா ஓட மாட்டான். அவன எங்க போடுறது?” என்று கேட்டார். விளக்குநர் பதிலுக்கு அந்திரேயா பிர்லோவின் காணொளியை ஓடவிட்டார். முன்னே ஆட இடம் கிடைக்காத பிர்லோவைப் பின்கள வரிசைக்கு முன்னால் நிறுத்தி, கட்டூசோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, சீடோர்ஃபையும் ருய் கொஸ்டாவையும் ஒரே அணியில் அன்செலோட்டி பொருத்திய விதம் வரைபடமாக விரிந்தது. 2003இல் மான்செஸ்டரில் ஜுவன்டஸைப் பெனால்டியில் வென்று அவர் பயிற்றுவிப்பாளராகத் தம் முதல் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைப் பெற்றது இந்த அமைப்பிலிருந்துதான். அந்த இளைஞரின் கேள்வி தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிற கேள்வி. சரிவில் வெட்டிச் சமன் செய்த சிறு மைதானங்களில், வேகமாக ஓடுகிற பையனே அணியில் இடம்பிடிக்கிறான். பந்தை நிறுத்தி, தலைநிமிர்ந்து பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவன் வேலிக்கு வெளியே நின்று, தேயிலைக்குள் உருண்ட பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறான். இந்த ஓர் அமர்வுக்காகவே நான் பிறரை அனுப்புவேன்.

அதற்கு அடுத்த பகுதி ஏமாற்றம் தந்தது. 2005 இஸ்தான்புல் சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் 3–0 என முன்னணியில் இருந்த மிலான், லிவர்பூலிடம் சில நிமிடங்களில் மூன்று கோல்களை விட்டுக்கொடுத்துப் பெனால்டியில் தோற்றதைக் காட்டும்போது, கோல்கள் மட்டுமே ஓடின. இடைவேளையின் பின் லிவர்பூல் ஹமானை உள்ளே கொண்டுவந்து மத்தியகளத்தைப் பலப்படுத்தியதும், அதனால் ஜெரார்ட் முன்னேறிச் செல்ல வழி பிறந்ததும் விளக்கப்படவில்லை. பயிற்றுவிப்போருக்கான தொடரில் தோல்வியை இவ்வளவு அவசரமாகக் கடந்திருக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2–1 என வென்ற ஆட்டத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

அவர் பயிற்றுவித்த செல்சி, பாரிஸ், மியூனிக், நாபோலி, எவர்ட்டன் ஆகிய அணிகள் ஒரே அமர்வில் வேகமாகக் கடந்து போயின. அவற்றுள் செல்சிக்கு மட்டும் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. 2009–10 பருவத்தில் 103 லீக் கோல்கள் அடித்து இங்கிலாந்தின் லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வென்ற அணி அது. மறு ஆண்டே இரண்டாமிடம் பெற்றதற்காக அவர் நீக்கப்பட்டார்.

இறுதி அமர்வு மீண்டும் தரத்துக்கு உயர்ந்தது. 2014இல் லிஸ்பனில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் அத்லெட்டிகோ மட்ரிட்டிடம் பின்தங்கியிருந்த அவரது ரியல் மட்ரிட், 59ஆவது நிமிடத்தில் மார்செலோவையும் இஸ்கோவையும் களமிறக்கிய பிறகு ஆட்டம் எப்படிச் சாய்ந்தது என்பதை அமைதியாக, படிப்படியாகக் காட்டினார்கள். மேலதிக நிமிடங்களில் மொட்ரிச்சின் கோர்னர் உதையை ராமோஸ் தலையால் அடித்துச் சமன் செய்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய அரைமணி நேர அழுத்தத்தைப் பார்த்தவர் குறைவு. ஓர முன்கள வீரராக இருந்த டி மரியாவை அந்தப் பருவத்தில் மத்தியகளத்துக்கு மாற்றியதையும், முன்கள வீரர் பென்ஸீமா அணியை விட்டுப் போன பின்னர் 2023–24இல் மத்தியகள வீரரான பெலிங்ஹமை முன்னே நகர்த்தி லீக்கில் மட்டும் 19 கோல்கள் அடிக்க வைத்ததையும் அருகருகே வைத்துக் காட்டியது நல்ல யோசனை. பாஜியோவை மறுத்த அதே மனிதர் இருபத்தைந்து ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பதை விளக்குநர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளிலும் பட்டம் வென்ற முதல் பயிற்றுவிப்பாளர், சம்பியன்ஸ் லீக்கை ஐந்து முறை வென்ற ஒரே பயிற்றுவிப்பாளர் என்ற விபரங்களும், 2025இல் பிரேசில் அணியின் பொறுப்பை ஏற்ற செய்தியும் இறுதியில் இரண்டொரு வரிகளில் வந்தன. அது போதும்.

வசதிகளைப் பற்றிச் சொல்வதானால், அறை சுத்தமாக இருக்கிறது, திரை பெரியது, தேநீர் இலவசம். தகரக் கூரை என்பதால் மழை வலுத்தால் விளக்கம் காதில் விழாது, ஹட்டனில் அது அடிக்கடி நடக்கும். விளக்குநரின் தமிழ் தெளிவானது, யாரையும் குறைத்துப் பேசாதது. ஆனால் கையில் தரும் குறிப்புத்தாள்கள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கின்றன. தோட்டத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அணி நடத்துகிறவருக்கு அந்தத் தாள் வீட்டில் உதவாது, தமிழில் அச்சிட அதிகச் செலவும் ஆகாது. அறிவித்த நேரத்துக்குத் தொடங்காததும் கண்டிக்க வேண்டியது. அமர்வு இருட்டும்வரை இழுபட, மஸ்கெலியா, பொகவந்தலாவை பஸ்களைத் தவறவிட்டவர்கள் ஓட்டோவுக்குக் கொடுத்த பணம் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

மறுபடியும் இத்தொடரை நடத்தப் போவதாகச் சொல்கிறார்கள். முழுத் தொடருக்கும் பணம் கட்ட இயலாதவர்கள் இரண்டாம் அமர்வையும் இறுதி அமர்வையும் கட்டாயம் பார்க்க வேண்டும். தோட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் வராமல் இருவர் மூவராக வந்தால், திரும்பிப் போகும் ஓட்டோச் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். பெயர்ப் பதிவு கடையின் கீழ்த்தளத்தில், வேலை நாட்களில் நடைபெறுகிறது.